நின்றுகொண்டே ஓடாத வண்டியும் இலாரியோனின் விசிலும்

என் தங்கை பெனிக்னாவின் கணவன் இலாரியோன் வாரத்தில் ஆறு நாள் எல் ஆல்தோ நகரத்தில் சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்வான். ஏழாம் நாள் மேட்டுநிலத்து ஊர்களுக்குப் போய் விசில் ஊதுவான். கால்பந்து நடுவர். அவனுக்குப் பக்கக்கோட்டில் கொடி பிடிக்கிறவன் நான், செவேரோ. தங்கையைக் கொடுத்த பாவத்துக்கு அவன் கூடவே ஓட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அவனைப் போல ஒரு சட்டப்புலியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. வேலை நாளிலும் சட்டைப்பையில் மஞ்சள் அட்டை இருக்கும். நிறுத்தத்தில் நிற்காமல் போன மினிபஸ் டிரைவருக்கு ஒருமுறை நடுரோட்டில் ஓடிப்போய் அட்டை காட்டினான். என் மகள் கல்யாணத்தில் சாப்பாட்டு வரிசையில் இடையில் நுழைந்த என் முதலாளியின் தோளைத் தட்டிக் கடைசிக்கு அனுப்பினான். அந்த முதலாளி அதற்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. கேட்டால், "தப்புன்னா தப்புதான் மச்சான், ஆளைப் பாத்து ஊத முடியுமா?" என்பான்.

அப்படிப்பட்டவனைக் கெல்யானி என்ற ஊர்க்காரர்கள் ஆட்டுத்தொட்டியில் முக்கினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை இது. கெல்யானி திருவிழா ஆட்டம், கடைசி நிமிஷம், உள்ளூர் அணிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தான். சரியான பெனால்டிதான். கோல் விழுந்தது, ஊர் தோற்றது. அந்த ஊரிலிருந்து வெளியே போக இருந்தது ஒரே ஒரு மினிபஸ். அது யாருடையது? உள்ளூர் அணித் தலைவர் மெலித்தோனுடையது. வராத வண்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் சாலையோரம் காத்து நின்றோம். வண்டிக்குப் பதிலாக ஊர்தான் வந்தது. ஒரு அடி அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. இலாரியோனை மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போய், காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆட்டுக்குச் சொறிமருந்து கலந்திருந்த தொட்டியில் போட்டார்கள். கொடி பிடித்த என்னை ஒருவனும் சீந்தவில்லை. அது எனக்குத் தனி அவமானம்.

மருந்து நாற்றம் போகும்வரை பெனிக்னா அவனைச் சிமெண்டு மூட்டைகளோடு படுக்க வைத்தாள். நாற்றம் ஒரு வழியாகப் போனது. பயம் போகவில்லை. அதற்குப் பிறகு எண்பதாவது நிமிஷத்தைத் தாண்டினால் உள்ளூர் அணிக்கு எதிராக அவன் விசில் ஊதுவது நின்றுபோனது. ஆளைப் பிடித்து இழுத்தாலும், காலைத் தட்டிவிட்டாலும் அவன் வானத்தைப் பார்ப்பான். முதலில் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், பிறகு ஊர்களே கண்டுபிடித்தன. "எண்பதுக்கு மேல இலாரியோனுக்குக் கண்ணு தெரியாது, பந்தைக் கையில எடுத்துட்டே போகலாம்" என்று மினிபஸ்ஸில் இரண்டு பையன்கள் பேசிச் சிரித்தார்கள். பின்சீட்டில் நாங்கள் இருந்தோம். இலாரியோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இந்த வருஷம் இறுதி ஆட்டம் மறுபடி கெல்யானியில் என்று தெரிந்த அன்று, கைநிறையச் சாந்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், இந்தத் தடவையும் நான் வானத்தைப் பாத்தேன்னா, விசிலைத் தூக்கிச் சாக்கடையில போட்டுடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் ஊத மாட்டேன்."

"அப்ப ஒழுங்கா ஊது."

"ஊதிட்டு? எப்படிடா வெளிய வர்றது? மெலித்தோன் பஸ்ஸுக்கா நிக்கிறது?"

யோசித்துத்தான் வந்திருந்தான். ஒரு மோட்டார்சைக்கிள் வேண்டும். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். கடைசி விசில் ஊதிய கையோடு ஏறிக் கியரைப் போட்டால் தூசிதான் அவர்களுக்கு மிச்சம். சாலையில் ஓடுகிற வண்டி எல்லோருக்கும் வேண்டும். இவனுக்கு வேண்டியது, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு ஓடுகிற வண்டி. மேட்டுநிலக் குளிரில் அணைத்துவிட்டு மறுபடி உதைத்துக்கொண்டிருந்தால் ஊரே வந்து கழுத்தைப் பிடித்துவிடும்.

சந்தையில் பழைய வண்டி ஒன்று கிடைத்தது. விற்றவன் கீழே சாந்தா குரூஸ் பக்கத்து வெயில் ஊர்க்காரன். எங்கள் குளிர் தாங்காமல் ஊருக்குத் திரும்புகிறவன். பேரம் பேசி முடிக்கும்வரை என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கை ஆக்ஸிலேட்டரை விட்டு ஒரு கணம்கூட இறங்கவில்லை. அதைக் கவனிக்கத்தான் இலாரியோன் என்னைக் கூட்டிப்போயிருந்தான். நான் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் வந்து கையை எடுத்தோம். டுக், டுக், டுடுடுக், டக். அணைந்துவிட்டது.

மறுபடி உதைத்தான். இருமியது, குலுங்கியது, கண்ணாடிகள் இரண்டும் ஆடின, அணைந்தது. ஐடிலிங் திருகை ஏற்றினால் வெறிபிடித்த மாதிரி அலறும். ஒரு நூல் இறக்கினால் செத்துவிடும். நடுவில் நிற்கிற இடம் என்று ஒன்று அந்தத் திருகுக்கு இல்லவே இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி. புதுப் பிளக் போட்டோம், அதுவும் கரியானது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் எதிர்வீட்டுக்காரர். டேங்கைக் கவிழ்த்துப் புதிதாக ஊற்றினோம். பேட்டரி என்றான் ஒருவன். சைலன்சரில் எலி என்றான் இன்னொருவன். எங்கள் தெருவில் அணைந்துபோன வண்டியைத் தாண்டிச் சும்மா போகிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

"ஒரு வண்டி வாங்கச் சொன்னா, இருமல் நோயாளி ஒண்ணைத் தள்ளிட்டு வந்திருக்கீங்க ரெண்டு பேரும்" என்றாள் பெனிக்னா.

அப்போதுதான் இலாரியோனுக்கு அந்த மகா யோசனை வந்தது. எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால் அதற்கு ஞானத்தகப்பன் ஒருவரை வைப்போம். அவர் வந்து வண்டிக்கு மாலை போட்டு, பீர் தெளித்து, வண்ணக் காகிதப்பொட்டு தூவி, பூமித்தாய்க்கும் ஒரு வாய் ஊற்றுவார். சால்யா என்போம். சால்யா ஆகாத வண்டியில் என் தங்கை கால்கூட வைக்க மாட்டாள். வழக்கமாகக் கொஞ்சம் கையில் காசோட்டமுள்ள மாமன், மச்சானைத்தான் ஞானத்தகப்பனாக வைப்பார்கள். இலாரியோன் மெக்கானிக்கை வைத்தான்.

"ரொசெந்தோவையா?" என்றேன்.

"யோசிச்சுப் பாரு மச்சான். ஞானத்தகப்பன் தன் பிள்ளைக்கு வைத்தியம் பாக்கக் கூலி கேப்பானா?"

கேட்கத்தான் மாட்டான். ஆனால் அவனை யாரும் எதுவும் கேட்கவும் முடியாது. இதை நான் அப்போதே சொன்னேன். நேற்றுவரை 'டேய்' போட்டுப் பேசிக்கொண்டிருந்த இருவரும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் கும்பாதிரி, அதாவது ஞானச் சம்பந்தி, ஆனார்கள், 'நீங்க' ஆனார்கள். கும்பாதிரியைப் பார்த்து 'வேலை சரியில்லை' என்று சொல்வது பெற்ற தாயை ஏசுவதற்குச் சமம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா?

ரொசெந்தோ கெட்டிக்காரன்தான், அதைச் சொல்லியாக வேண்டும். வண்டியைப் பார்த்ததும் சிரித்தான்.

"கும்பாதிரி, இது கீழ ஊருக்காரன். அங்க காத்து கெட்டியா இருக்கும். இங்க மேல வந்ததும் மூச்சு முட்டுது. பெட்ரோல் அதே அளவு, காத்துப் பாதி. கரி புடிக்காம என்ன செய்யும்? கீழயிருந்து வர்ற மாமனாருங்க நம்ம வீட்டுப் படியேறி உக்காந்து வாயப் பொளக்கறாங்கல்ல, அதே கதைதான்."

கார்புரேட்டரில் சின்ன ஜெட் மாற்றினான். பழைய ஏர் ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு போட்டான். உதைத்தான். டுக் டுக் டுக் டுக். கையை எடுத்தும் நின்றது. ஒரு கப் சூடான ஆபிச் சோளக்கஞ்சி குடித்து முடிக்கும்வரை நின்றது. இலாரியோனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

விவகாரம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சால்யா பாக்கி இருந்ததே.

வாசலில் வைத்துச் செய்தார்கள். எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியாது. ரொசெந்தோ காகிதப்பொட்டை டேங்க் மேல் தூவினான். தூவியது அத்தனையும் தெருக்கோடிக்குப் போய்விட்டது. பெனிக்னாவின் முகம் மாறியது. பொட்டு ஒட்டாமல் பறந்தால் வண்டியில் அதிர்ஷ்டம் தங்காது என்பது அவள் கணக்கு. ரொசெந்தோ விடுகிற ஆளா? சீட்டைத் தூக்கினான். "காத்துக்கு எட்டாத இடத்துல வைப்போம் கொமாத்ரே, வண்டியோட நெஞ்சுக்குப் பக்கத்துல" என்று பெனிக்னாவிடம் சொல்லி, இரண்டு கை நிறையப் பொட்டை உள்ளே கொட்டி, அது ஒட்டட்டும் என்று அதன்மேல் பீரை ஊற்றினான். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

இரண்டு நாளில் இருமல் திரும்பி வந்தது.

பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ரொசெந்தோ கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். ஃபில்டரிலிருந்து வரும் காற்றுக்குழாயை மாட்டாமலே உதைத்துப் பார்த்தான். அருமையாக நின்றது! "தூசி, கும்பாதிரி. வேறொண்ணுமில்ல." குழாயை மாட்டி அனுப்பினான். வீட்டு முனை திரும்புவதற்குள் செத்தது. மறுபடி பட்டறை. பட்டறையில் நிற்கும், தெருவில் சாகும். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

"ஃபில்டர் அடைச்சிருக்குமோ?" என்று நான் ஒருமுறை கேட்டேன். எனக்குத் தெரிந்த ஐந்தாறு பாகங்களில் அது ஒன்று என்பதால் கேட்டேன்.

ரொசெந்தோ ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அது புதுசு. நான் மாட்டினது" என்றான். இலாரியோன் என் காலை மிதித்தான்.

பெனிக்னாவுக்குக் காரணம் எப்போதோ தெரிந்திருந்தது. "மொதல் சால்யா பத்தல. ரெண்டு பிடி பொட்டு, ஒரு பாட்டில் பீரு. பூமித்தாய் என்ன பிச்சைக்காரியா? கஞ்சத்தனம் பண்ணிட்டு ஓடலை ஓடலைன்னா எப்படி ஓடும்?"

ரொசெந்தோவுக்குச் சுருக்கென்றது. ஞானத்தகப்பன் கஞ்சன் என்ற பேச்சு பட்டறைக்கு ஆகாது. இரண்டாம் சால்யாவுக்கு அரைப்பெட்டி பீர் வந்தது. பொட்டோடு பூவிதழ், பூவிதழோடு மிட்டாய், எல்லாம் சீட்டுக்கடியில் போய்ச் சேர்ந்தன. வண்டி மோசமானது. மூன்றாவதுக்கு ஒரு பெட்டி முழுசாகவே வந்தது, நாதஸ்வரம் இல்லாத குறைதான். வண்டி இன்னும் மோசமானது. பட்டறையில் இருக்கும்போது அவன் உண்மையிலேயே மெக்கானிக். கையில் பீர் பாட்டில் ஏறிவிட்டால் ஞானத்தகப்பன். ஞானத்தகப்பன் ஊற்றுவதும் மெக்கானிக் கழுவுவதுமாக அந்த ஒரே ஆளுக்குள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்திக்காமலே காலத்தை ஓட்டினார்கள்.

இறுதி ஆட்டத்து ஞாயிறு விடிந்தபோது வண்டி பழையபடி அதே இருமலில் இருந்தது.

"பஸ்ல போயிடலாம் மாப்ள" என்றேன்.

"பஸ்ல போனா பஸ்லதான் வரணும்" என்றான். உதைத்தான். பன்னிரண்டாவது உதையோ பதினைந்தாவதோ, கிளம்பியது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சுங்கச்சாவடியில் நிறுத்தினான், அணைந்தது. பின்னால் நின்ற லாரிக்காரன் எங்கள் குலத்தையே விசாரித்தான். லாமா மந்தை ஒன்று சாலையைக் கடந்தது, அணைந்தது. கடைசியில் கெல்யானிக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது, மனிதவாடையே இல்லாத பொட்டலில், ஓடிக்கொண்டிருந்தபோதே அணைந்தது. உதைத்தான், உதைத்தேன். தள்ளினோம். அந்த உயரத்தில் வண்டி தள்ளினால் நுரையீரல் வாய்க்கு வந்துவிடும்.

இலாரியோன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் அடித்தான். "எனக்கு ஒண்ணும் பெருசா வேணாம்டா! நில்லுன்னா நிக்கணும், நின்னுக்கிட்டு ஓடணும். அவ்வளவுதான! ஊர்ல எத்தனை சோம்பேறிப்பய இதைச் செய்யறான்! இந்தச் சனியனுக்கு அது தெரியாதா?"

"கத்தாத. பிளக்கைக் கழட்டித் தொடைப்போம்."

பிளக் ஸ்பேனர் சீட்டுக்கடியில் கருவிப்பையில் இருந்தது. பை அசையவில்லை. பீர்ச் சர்க்கரையில் பசை போட்டமாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து அவன் இழுத்த இழுப்பில் பை வந்தது. பையோடு ஒட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்த காற்றுப்பெட்டியின் மூடியும் வந்தது.

உள்ளே ஒரு திருவிழாவே இருந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று மூன்று சால்யாவின் பொட்டும் மூடியின் காற்றுத்துளை வழியே இறங்கி, ஏர் ஃபில்டர்மேல் படிந்து, பீரில் ஊறி, என்ஜின் சூட்டில் காய்ந்து, அப்பள கனத்துக்கு ஓடு கட்டியிருந்தது. நடுவில் ஒரு எலுமிச்சை மிட்டாய் பதிந்திருந்தது. காற்று போக ஒரு ஊசித்துளை கிடையாது.

இலாரியோன் நகத்தால் மிட்டாயைச் சுரண்டிப் பார்த்தான்.

"மச்சான்," என்றான் மெதுவாக, "இதுக்கு மூக்குல துணியைத் திணிச்சு வச்சுட்டு, ஏன் மூச்சு விடலைன்னு நாம வைத்தியம் பாத்திருக்கோம்."

"திணிச்சது உன் கும்பாதிரி. கேட்டதுக்கு என் காலை மிதிச்சது நீ."

"கை தட்டினது யாரு?"

கேட்டுக்கொண்டே அவன் ஃபில்டரைப் பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். காற்றுப்பெட்டியைத் துடைத்து, நான்கு உதை உதைத்தான். புகை கக்கியது, ஒருமுறை வெடித்தது, பிறகு பிடித்துக்கொண்டது. அவன் மெல்லக் கையை எடுத்தான்.

டுக் டுக் டுக் டுக் டுக்.

கண்ணாடி ஆடவில்லை. அந்தப் பொட்டலில் அந்த ஒரு சத்தம்தான். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் எரிச்சலுக்கும் அப்போது அழுதிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. இலாரியோன் தரையில் கிடந்த ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டி மாட்டிக்கொண்டான். "அணைக்காத. இனி இதை அணைக்கவே வேணாம்" என்றான்.

அணைக்கவில்லை. அங்கேதான் அடுத்த கோளாறுக்கு விதை போட்டோம்.

கெல்யானி மைதானத்தில் வடக்குக் கோலுக்குப் பின்னால் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினோம். பக்கத்திலேயே பழைய ஆட்டுத்தொட்டி. மெலித்தோன் வந்தார், வண்டியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"நடுவர் அய்யா இந்தத் தடவை சொந்த வாகனத்துல வந்திருக்கீங்க போல. எதுக்கு ஓடிட்டே கெடக்கு? பெட்ரோல் வெட்டியா போகுதே."

"குளிருக்கு" என்றான் இலாரியோன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். இலாரியோன் நன்றாகத்தான் நடத்தினான். ஆனால் எண்பதை நெருங்க நெருங்க அவன் கழுத்து வடக்குக் கோல் பக்கமே திரும்பியது. காது அந்தச் சத்தத்திலேயே இருந்தது. எனக்கும்தான். டுக் டுக் டுக் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்தொன்றாவது நிமிஷத்தில் உள்ளூர்க்காரன் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். விசில் கேட்டது! கூட்டம் நடுவரைத் திரும்பிப் பார்த்தது. குருடனுக்குக் கண் வந்த அதிசயத்தை அவர்களால் நம்ப முடியவில்லை. நான் கொடியை உயர்த்தி ஆட்டினேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும். பந்து வடக்குக் கோல் பக்கம் பறந்து வந்தது. ஒரே நெரிசல், தூசி. அந்த நேரம் பார்த்துச் சத்தம் மாறியது. டுக், டுக். டுடுக்.

என்ஜின் நின்றுவிட்டது.

நான் திரும்பி வண்டியைப் பார்த்தேன். என்ன ஆனது என்று உடனே விளங்கியது. கரி கக்கி ஓடிய வழியில் பாதிப் பெட்ரோலை அது குடித்திருந்தது, மிச்சத்தை நின்றே குடித்துவிட்டது. இத்தனை நாள் நிற்காத வண்டி, நின்று நின்றே டேங்கைக் காலி பண்ணிவிட்டது. இதை எங்கே போய்ச் சொல்வது?

அந்த அமைதியில் விசில் கேட்டது.

திரும்பினேன். இலாரியோன் பெனால்டிப் புள்ளியைக் கை காட்டி நின்றான். உள்ளூர்த் தடுப்பாளன் பந்தைக் கையால் தட்டிவிட்டானாம். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வண்டி நின்றதை அவனும் கேட்டிருக்கிறான். கேட்ட பிறகுதான் ஊதியிருக்கிறான்.

பெனால்டி உள்ளே போனது. ஆட்டம் முடிந்தது. கெல்யானி தோற்றது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. நான் கொடியைச் சுருட்டிக் கம்பை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதை வைத்து ஒரு கோழியைக்கூட விரட்டியிருக்க முடியாது.

இலாரியோன் ஓடவில்லை. நேராக ஆட்டுத்தொட்டிக்கு நடந்தான். அதன் விளிம்பில் உட்கார்ந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். காலணியைக் கழற்றி, போனமுறை அவர்கள் வைத்த மாதிரியே ஓரமாக ஜோடியாக வைத்தான். விசிலை மட்டும் கழற்றவில்லை.

"வாங்க," என்றான், "சீக்கிரம் முடிச்சு விடுங்க. இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும். வண்டி வேற நின்னுபோச்சு."

வந்தவர்கள் நின்றார்கள். தூக்கிப் போட வந்த ஆட்களுக்கு, தானாக வந்து உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு பையன் பின்னாலிருந்து, "தள்ளுங்கய்யா, வேடிக்கை பாத்துட்டு!" என்று கத்தினான்.

"சும்மா இருடா. செருப்பைக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருக்கிறவனைத் தள்றதுல என்னடா இருக்கு?" என்றார் மெலித்தோன். அவர் கண் இலாரியோன் மேல் இல்லை, வண்டி மேல் இருந்தது. "ஏன் நின்னுச்சு?"

"யாருக்குத் தெரியும்!" என்றான் இலாரியோன். அத்தனை நாள் எரிச்சலும் அந்த இரண்டு சொல்லில் இருந்தது.

"பிளக்கா இருக்கும்" என்றான் ஒருவன்.

"பிளக்கெல்லாம் இல்ல, கார்புரேட்டரு. சத்தத்துலயே தெரிஞ்சுது."

"கீழ ஊரு வண்டியா? அப்ப ஜெட்டு மாத்தணும்."

"எலி போயிருக்கும்யா சைலன்சருக்குள்ள."

நாற்பது பேர் வண்டியைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். சற்றுமுன் பெனால்டி வாங்கிய தடுப்பாளன், அந்தக் குற்றம் செய்த கையாலேயே பிளக் ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நடுவரை யாருக்கும் நினைவில்லை. அவன் தொட்டி விளிம்பில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். கடைசியில் மெலித்தோன் டேங்க் மூடியைத் திறந்து, கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பெட்ரோலே இல்லையேய்யா! குளிருக்குன்னு சொன்னியே, காஞ்சு போச்சு பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரே தன் மினிபஸ்ஸில் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சி, காறித் துப்பிக்கொண்டே ஒரு கேனில் பிடித்து வந்து ஊற்றினார். உதைத்ததும் பிடித்தது. டுக் டுக் டுக். ஊரே தலையாட்டியது. "அருமையா நிக்குதுப்பா" என்றது. தோல்வி கொஞ்சம் மறந்துபோன மாதிரிகூடத் தெரிந்தது. அப்போது ஒரு பெண் கேட்டாள்:

"இதுக்குச் சால்யா ஒழுங்கா பண்ணீங்களா? பண்ணியிருந்தா எப்படி நடுவுல நிக்கும்?"

திருவிழா ஊரில் பீருக்கும் பொட்டுக்கும் பஞ்சமா? நான் வாய் திறப்பதற்குள் மெலித்தோன் ஒரு கையில் பாட்டிலும் மறு கையில் பொட்டுமாக வந்துவிட்டார். காற்றடித்தது. முதல் பிடி பறந்துபோனது. அவர் சீட்டில் கை வைத்தார்.

விசில்!

அப்படி ஒரு விசிலை இலாரியோன் வாழ்நாளில் ஊதியதில்லை. வெறுங்காலோடு ஓடிவந்து, மெலித்தோனின் முகத்துக்கு நேராக மஞ்சள் அட்டையை நீட்டினான். "சீட்டைத் தூக்கினா அடுத்தது சிவப்பு!"

மெலித்தோன் அட்டையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு பாட்டிலைத் தரையில் சாய்த்துப் பூமித்தாய்க்கு ஒரு வாய் ஊற்றினார், மிச்சத்தை இலாரியோனிடம் கொடுத்தார். அவன் குடித்தான். காலணியை மாட்டிக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். யாரும் துரத்தவில்லை.

சுங்கச்சாவடியில் நீண்ட வரிசை. இலாரியோன் கையை எடுத்தான். வண்டி நின்ற இடத்தில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"மச்சான்," என்றான் திரும்பாமல், "பந்து கையில பட்டுச்சுதான? நீ பக்கத்துல இருந்த. உன் கொடி மேல போகலையே, அதான் கேக்கறேன்."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு எனக்கு அது வரவில்லை.

"நான் பாக்கல மாப்ள. வண்டி நின்னுச்சே, அதைப் பாத்துட்டிருந்தேன்."

அப்படியென்றால் துணைக்கு வண்டியும் இல்லை, நானும் இல்லை. தன் கண்ணை மட்டும் நம்பித்தான் ஊதியிருக்கிறான். அது இப்போதுதான் அவனுக்கே தெரிகிறது. வரிசை நகரவில்லை. அவன் சட்டைப்பையில் கையை விட்டு மஞ்சள் அட்டையை எடுத்து, தோளுக்கு மேலே தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினான். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இலாரியோன் அட்டையை இறக்கவில்லை. வண்டியும் அணையவில்லை.